லாக் வளைவு வந்தால் 'இந்தத் தகவல் போதுமா?' என்று எப்படிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவது என் வேலை. டேட்டா சஃபிஷியன்சி, அதாவது கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் கணக்கு, என்றாலே வகுப்பில் ஒரு தயக்கம் வரும். அதோடு லாக்கும் சேர்ந்துவிட்டால் பலர் அந்தக் கணக்கைத் தொடாமலேயே அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். லாக் வளைவு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிற ஒன்று. கையால் வரைந்து பழகிவிட்டால், பக்கம் பக்கமாகப் போடுகிற கணக்கு நாலு வரியில் முடிந்துவிடும். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குகள் எல்லாம் நானே அமைத்தவை.

எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாக்[2] 8 = 3 என்று எழுதினால் சதுர அடைப்புக்குள் இருப்பது அடிமானம்; 2-ஐ மூன்று முறை பெருக்கினால் 8 என்று பொருள். பாடப் புத்தகத்தில் இதற்கு மடக்கை என்று பெயர், வகுப்பில் எல்லோரும் சொல்வது லாக். கிடை அச்சு எக்ஸ், செங்குத்து அச்சு ஒய். அடிமானத்துக்கு 'அ' என்று எழுதும் இடத்திலெல்லாம் அது நேர் எண், 1 ஆக இருக்காது. இதை ஒவ்வொரு கணக்கிலும் திரும்பச் சொல்லப் போவதில்லை.

டேட்டா சஃபிஷியன்சி கணக்கில் உண்மையில் என்ன கேட்கிறார்கள்?

ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். விடை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். விடை காண அந்தக் கூற்றுகள் போதுமா என்றுதான் கேட்பார்கள். வழக்கமாக ஐந்து வாய்ப்புகள்: முதல் கூற்று மட்டுமே போதும், இரண்டாவது மட்டுமே போதும், இரண்டையும் சேர்த்தால்தான் போதும், தனித்தனியே ஒவ்வொன்றும் போதும், சேர்த்தாலும் போதாது.

'போதும்' என்றால் விடை ஒன்றே ஒன்றுதான் வர முடியும் என்று அர்த்தம். ஆமாம்-இல்லை கேள்வியாக இருந்தால், எப்போதும் ஆமாம் அல்லது எப்போதும் இல்லை. கூற்றுக்குப் பொருந்துகிற இரண்டு நிலைமைகள் இரண்டு வேறு விடைகளைக் கொடுத்தால் அந்தக் கூற்று போதாது.

இது எந்தத் தேர்வில் வருகிறது?

ஜிமேட் தேர்வில் டேட்டா சஃபிஷியன்சி நெடுநாளாக இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அது டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்குப் போய்விட்டது; 45 நிமிடம், 20 கேள்விகள். ஆனால் ஜிமேட் பாடத்திட்டத்தில் லாக் கிடையாது. லாக் கேள்விகள் அடிக்கடி வருவது ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் தேர்வில். அதன் பழைய தாள்களில் டேட்டா சஃபிஷியன்சி வடிவமும் வந்திருக்கிறது. இந்தியத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்குத்தான் இந்த இரண்டும் ஒன்றாகக் கைக்கு வரும். ஜிமேட் மட்டும் எழுதுகிறவர்கள் லாக் விதிகளை விட்டுவிடலாம். யோசிக்கும் முறை அவர்களுக்கும் உதவும்.

லாக் வளைவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. ஒய் = லாக்[அ] எக்ஸ் என்ற வளைவை ஒரு தாளில் வரையுங்கள். மூன்று புள்ளிகள் போதும்: (1, 0), (அ, 1), (1/அ, −1). அ என்பது 1-ஐ விடப் பெரியதானால் வளைவு இடமிருந்து வலமாக ஏறும். 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் இறங்கும். இரண்டில் எதுவானாலும் ஒய் அச்சுக்கு இடது பக்கம் வளைவே கிடையாது. ஒய் அச்சை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. இப்படி நெருங்கும் கோட்டுக்குப் பாடப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் தொலைத்தொடுகோடு.

ஒய் அச்சுப் பக்கம் செங்குத்தாக விழுகிற வளைவு வலது பக்கம் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பதையும் கை உணர வேண்டும். அடிமானம் 2 என்று வைத்து, ஒரு அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தால், வளைவு 10 செ.மீ. உயரத்துக்கு ஏற நீங்கள் வலது பக்கம் 1024 செ.மீ. போக வேண்டும். பத்து மீட்டருக்கும் மேல். வகுப்பறைச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். அடிமானம் 10 என்றால் அதே 10 செ.மீ. உயரத்துக்கு 1 லட்சம் கிலோமீட்டர் போக வேண்டும். பூமியை இரண்டரை முறை சுற்றிவரும் தூரம். ஆனாலும் ஏறுவது நிற்காது. எந்த உயரத்தைச் சொன்னாலும் ஒரு நாள் அதைத் தாண்டும். 'வளைவு ஓர் உயரத்தில் நின்றுவிடும்' என்று படத்தைப் பார்த்து நினைப்பது நான் அதிகம் திருத்துகிற தவறு.

படம் வரைந்தால் விடை தெரிந்துவிடுகிறது. அப்புறமும் ஏன் தப்பாகிறது?

ஒரே ஒரு படத்தோடு நிறுத்திவிடுவதால். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். லாக் விதிகள் எல்லாம் அத்துப்படி. ஆனால் இந்த வகைக் கணக்கில் மட்டும் பாதி தப்பாகும். ஒருநாள் அவளுடைய ரஃப் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் அழகாக ஒரு வளைவு, அளவெடுத்த மாதிரி. எல்லாமே ஏறும் வளைவு. இறங்கும் வளைவு தாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூட இல்லை. 'அ' என்று பார்த்ததுமே அவள் கை 2 அல்லது 10 என்று வைத்துக்கொண்டுவிடுகிறது.

சிவப்புப் பேனா ஒன்றைக் கொடுத்து, 'நீல வளைவு வரைந்ததும், அதே கூற்றுக்குப் பொருந்துகிற ஆனால் வேறு விடை தருகிற சிவப்பு வளைவு ஒன்று வரைய முடியுமா என்று பார்' என்றேன். வரைய முடிந்தால் தகவல் போதாது. முடியாது என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் போதும். இந்த ஒரு பழக்கத்துக்காகத்தான் கீழே உள்ள கணக்குகள் எல்லாம்.

வளைவு (1, 0) வழியாகப் போகிறது என்று கொடுத்தால் அது தகவலா?

இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒய் = லாக்[அ] எக்ஸ் என்ற வளைவு ஏறுமுகமா?
கூற்று 1: வளைவு (1, 0) வழியாகப் போகிறது.
கூற்று 2: வளைவு (4, −2) வழியாகப் போகிறது.

எந்த எண்ணை அடுக்கு 0-க்கு உயர்த்தினாலும் 1. அதனால் அடிமானம் எதுவானாலும் வளைவு (1, 0) வழியாகப் போயே தீரும். நீல வளைவும் போகும், சிவப்பு வளைவும் போகும். கூற்று 1 புதிதாக எதையும் சொல்லவில்லை.

கூற்று 2-இல், 1/அ² = 4, அதாவது அ = 1/2. வளைவு இறங்குகிறது. கேள்விக்கு விடை 'இல்லை', அதுவும் உறுதியான இல்லை. எனவே கூற்று 2 மட்டுமே போதும். 'இல்லை என்று வந்துவிட்டதே, அப்படியானால் போதாது' என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். உறுதியான இல்லையும் விடைதான்.

சமன்பாடே போடாமலும் இதைச் செய்யலாம். 4 என்பது 1-க்கு வலது பக்கம். அங்கே வளைவு அச்சுக்குக் கீழே இருக்கிறது. (1, 0)-இல் புறப்பட்டு வலது பக்கம் கீழே போகும் லாக் வளைவு இறங்கும் வளைவாகத்தான் இருக்க முடியும். முடிந்தது.

(அ, 1) வழியாகப் போகிறது என்று கொடுப்பதும் இதே வகை. பார்க்க ஒரு புள்ளி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தெரியாதவை இரண்டு இருந்தால் இரண்டு சமன்பாடுகள் வேண்டுமே?

பள்ளிக்கூடத்திலிருந்து நாம் தூக்கிக்கொண்டு வருகிற விதி இது. லாக் வளைவில் இதை நம்பினால் வழி தவறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது:

ஒய் = ப × லாக்[அ] எக்ஸ். எக்ஸ் = 16 ஆகும்போது ஒய் எவ்வளவு?
கூற்று 1: எக்ஸ் = 4 ஆகும்போது ஒய் = 3.
கூற்று 2: அ = 2.

தெரியாதவை ப, அ என்று இரண்டு. கூற்று 1 ஒரே ஒரு சமன்பாடு. உடனே 'இரண்டையும் சேர்த்தால்தான் போதும்' என்ற வாய்ப்பில் கை போகும். அவசரப்படாதீர்கள். 16 என்பது 4-இன் வர்க்கம். அடிமானம் எதுவானாலும் 16-இன் லாக், 4-இன் லாக்கைப் போல இரண்டு மடங்கு. அதனால் 4-இல் ஒய் 3 என்றால் 16-இல் 6. பவும் தெரியாது, அவும் தெரியாது, ஆனாலும் விடை உறுதி. கூற்று 1 மட்டுமே போதும். கூற்று 2-இல் ப எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அது போதாது.

16-க்குப் பதிலாக 5 என்று கேட்டிருந்தால்? அப்போதும் போதும்! நிறைய பேர் இதை நம்ப மாட்டார்கள். அடிமானத்தை மாற்றினால் லாக் வளைவுக்கு என்ன ஆகிறது என்று யோசியுங்கள். லாக்[4] எக்ஸ் என்பது லாக்[2] எக்ஸ்-இல் சரியாகப் பாதி. லாக்[8] எக்ஸ் என்பது மூன்றில் ஒன்று. அதாவது அடிமானத்தை மாற்றுவதும், வளைவை மேலும் கீழுமாக இழுப்பதும் அமுக்குவதும் ஒரே வேலை. (அடிமானம் 1-க்குக் கீழே போனால் வளைவு தலைகீழாகவும் புரளும், அது எதிர் எண்ணால் பெருக்கியதற்குச் சமம்.) அப்படியானால் பவும் அவும் தனித்தனியாக இரண்டு வேலை செய்யவில்லை, ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டு செய்கின்றன. வளைவுக்கு உண்மையில் இருப்பது ஒரே ஒரு சுதந்திரம். (1, 0)-ஐத் தவிர வேறு எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் முழு வளைவும் அசையாமல் நின்றுவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதே வளைவைக் கொடுத்து 'அ எவ்வளவு?' என்று கேட்டால், வளைவின் ஆயிரம் புள்ளிகளைக் கொடுத்தாலும் போதாது. படம் முழுக்கக் கண் முன்னால் இருக்கும், அடிமானம் மட்டும் தெரியாது. 3 × லாக்[4] எக்ஸ் என்றாலும் 1.5 × லாக்[2] எக்ஸ் என்றாலும் அதே வளைவுதான்.

அதனால் எண்ண வேண்டியது எழுத்துகளின் எண்ணிக்கையை அல்ல, வளைவு எத்தனை விதமாக அசைய முடியும் என்பதை. ஒய் = ப + லாக்[2](க × எக்ஸ்) என்ற வளைவும் இப்படித்தான். க-ஆல் பெருக்குவது லாக்குக்கு வெளியே லாக்[2] க-வைக் கூட்டுவதற்குச் சமம். பவும் கவும் சேர்ந்து வளைவை மேலே கீழே நகர்த்துகின்றன, அவ்வளவுதான். இங்கே (1, 0) உட்பட எந்த ஒரு புள்ளியும் வளைவை நிறுத்திவிடும்.

வளைவு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால்?

அப்போது சுதந்திரம் உண்மையாகவே கூடுகிறது.

ஒய் = ப + லாக்[2](எக்ஸ் − க). இந்த வளைவு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது?
கூற்று 1: வளைவின் தொலைத்தொடுகோடு எக்ஸ் = 3.
கூற்று 2: வளைவு (5, 4) வழியாகப் போகிறது.

கூற்று 1 க = 3 என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தச் செங்குத்துக் கோட்டை ஒட்டியே வளைவை மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகலாம். வெட்டும் இடம் மாறும். போதாது. கூற்று 2-இல் வளைவைப் பக்கவாட்டில் நகர்த்தி, (5, 4)-இல் உட்காரும்படி மேலே கீழே சரிசெய்யலாம். க = 1 என்றால் ப = 2, வெட்டும் இடம் 1.25. க = 4 என்றால் ப = 4, வெட்டும் இடம் 4.0625. போதாது. இரண்டையும் சேர்த்தால் ப = 3, வெட்டும் இடம் 3.125, வேறு இடமில்லை. சேர்த்தால்தான் போதும்.

பக்கவாட்டு நகர்வை வேறெதுவும் செய்துவிட முடியாது. இழுத்தாலும் அமுக்கினாலும் மேலே தூக்கினாலும் தொலைத்தொடுகோடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் தொலைத்தொடுகோடு எங்கே என்பது எப்போதுமே கனமான தகவல்.

கேள்வியிலேயே தகவல் ஒளிந்திருக்குமா?

இருக்கும். லாக் வந்தாலே அதன் உள்ளே இருப்பது 0-ஐ விடப் பெரியது என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். பாடத்தில் இதைத்தான் சார்பகம் என்கிறோம்.

எக்ஸ் ஒரு முழு எண். லாக்(எக்ஸ் − 3) + லாக்(7 − எக்ஸ்) என்ற கோவைக்கு மதிப்பு உண்டு. எக்ஸ் எவ்வளவு?
கூற்று 1: எக்ஸ் ஒற்றைப்படை எண்.
கூற்று 2: அந்தக் கோவையின் மதிப்பு லாக் 3.

கூற்று 1-ஐப் பார்த்ததும் 'ஒற்றைப்படை எண் எத்தனையோ இருக்கிறதே' என்று ஒதுக்கிவிடுவார்கள். முதலில் கேள்வியைப் படியுங்கள். எக்ஸ் 3-ஐ விடப் பெரியது, 7-ஐ விடச் சிறியது. 4, 5, 6 ஆகிய மூன்றுதான் இருக்கின்றன. ஒற்றைப்படை என்றால் 5. போதும்.

கூற்று 2 சமன்பாடாக வந்திருப்பதால் அதன்மேல்தான் நம்பிக்கை போகும். (எக்ஸ் − 3)(7 − எக்ஸ்) = 3. 4 போட்டால் 1 × 3. 6 போட்டால் 3 × 1. இரண்டு விடைகள், போதாது. முதல் கூற்று மட்டுமே போதும்.

லாக்(எக்ஸ்²) என்றாலும் 2 லாக் எக்ஸ் என்றாலும் ஒன்றுதானே?

எக்ஸ் நேர் எண் என்று தெரிந்தால் ஒன்றுதான். தெரியாதபோது இரண்டும் வேறு படங்கள். 2 லாக் எக்ஸ் வலது பக்கம் மட்டும் இருக்கும். லாக்(எக்ஸ்²) ஒய் அச்சின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு கிளைகளாக இருக்கும். லாக்[3](எக்ஸ்²) = 4 என்றால் எக்ஸ் 9-ஆகவும் இருக்கலாம், −9-ஆகவும் இருக்கலாம். 2 லாக்[3] எக்ஸ் = 4 என்றால் 9 மட்டும். இவை இரண்டையும் கூற்றுகளாகக் கொடுத்து எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால், இரண்டாவது மட்டுமே போதும்.

இரண்டு லாக் வளைவுகளை ஒப்பிடச் சொன்னால்?

ஒய் = லாக்[அ] எக்ஸ், ஒய் = லாக்[ப] எக்ஸ் என்று இரண்டு வளைவுகள். அ > ப ஆகுமா?
கூற்று 1: எக்ஸ் = 10-இல் முதல் வளைவு இரண்டாவதற்கு மேலே இருக்கிறது.
கூற்று 2: இரண்டு வளைவுகளும் ஏறுமுகம்.

ஏறுகிற இரண்டு வளைவுகளில், 1-க்கு வலது பக்கம் மேலே இருப்பது சிறிய அடிமானம். லாக்[2] 10 ஏறக்குறைய 3.32, லாக்[3] 10 ஏறக்குறைய 2.10. பலருக்கு இது தலைகீழாகப் பதிந்திருக்கும். பெரிய அடிமானத்துக்குக் கொஞ்சம் அடுக்கே போதும் என்பதால் அதன் லாக் சிறியது.

கூற்று 1-க்கு நீல படம்: அ = 2, ப = 3. விடை இல்லை. சிவப்புப் படம்: அ = 2, ப = 1/2. முதல் வளைவு 10-இல் அச்சுக்கு மேலே, இரண்டாவது கீழே. கூற்று பொருந்துகிறது, விடை ஆமாம். எனவே போதாது. கூற்று 2 யார் மேலே என்று சொல்லவே இல்லை. இரண்டையும் சேர்த்தால் சிவப்புப் படம் அடிபட்டுப் போகிறது. அ எப்போதும் பவை விடச் சிறியது. விடை உறுதியான இல்லை. சேர்த்தால்தான் போதும்.

கூற்று 1-இல் 10 என்பதற்குப் பதில் 1/10 என்று மாற்றினால்? வளைவுகள் எல்லாம் (1, 0)-இல் குறுக்கே கடந்து இடம் மாறிக்கொள்வதால், இடது பக்கத்தில் மேலே இருப்பது பெரிய அடிமானம். சேர்த்தால் அப்போதும் போதும், விடை மட்டும் ஆமாம் என்று மாறும்.

நேர்கோடும் லாக் வளைவும் வெட்டுமா என்று கேட்டால் சமன்பாட்டைத் தீர்க்க முடியவில்லையே?

தீர்க்க வேண்டாம். அந்தச் சமன்பாட்டைப் பள்ளி முறையில் தீர்க்கவும் முடியாது. படம்தான் வழி.

ஒய் = ம × எக்ஸ் என்ற கோடு, ஒய் = லாக்[2] எக்ஸ் என்ற வளைவை வெட்டுகிறதா?
கூற்று 1: ம < 0.
கூற்று 2: ம < 1/2.

ம = 1/2 என்ற கோட்டை முதலில் வரையுங்கள். அது (2, 1), (4, 2) வழியாகப் போகும். இரண்டும் வளைவின் மேல் உள்ள புள்ளிகள். இப்போது கோட்டைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். எக்ஸ் = 2-இல் வளைவின் உயரம் 1, கோட்டின் உயரம் அதைவிடக் குறைவு; அங்கே கோடு வளைவுக்குக் கீழே. ஆனால் ஒய் அச்சுக்குப் பக்கத்தில் வளைவு அதல பாதாளத்தில் இருக்கிறது, கோடோ பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கோடு வளைவுக்கு மேலே. ஓரிடத்தில் மேலே, இன்னோரிடத்தில் கீழே என்றால் நடுவில் எங்கேயாவது கடந்துதான் ஆக வேண்டும். எனவே ம < 1/2 என்றாலே வெட்டும். ம < 0 அதற்குள் அடங்கிவிடுகிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் போதும்.

கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுங்கள்: 'எத்தனை இடத்தில் வெட்டுகிறது?' இப்போது கூற்று 1 போதும். வளைவு ஏறுகிறது, கோடு இறங்குகிறது, இரண்டாம் முறை சந்திக்க வழியில்லை, ஒரே இடம். கூற்று 2 போதாது. ம = 0 என்றால் கோடு எக்ஸ் அச்சே, ஓரிடம். ம = 1/4 என்றால் (16, 4)-இல் ஒன்று, அதற்கு முன்பே 2-க்கு இடது பக்கம் ஒன்று, ஆக இரண்டு. அதே கூற்றுகள், அதே படம், விடை வேறு. கேள்வியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கொடுத்திருக்கும் படத்தை அளந்து பார்த்து விடை சொல்லலாமா?

கூடாது. டேட்டா சஃபிஷியன்சி படங்கள் அளவுக்கு வரையப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. எந்தப் பக்கம் ஏறுகிறது, எங்கே வெட்டுகிறது என்று குறித்திருப்பதை நம்பலாம். 'பார்க்க 2 மாதிரி இருக்கிறது' என்பது தகவல் ஆகாது.

அடிமானமே கொடுக்காமல் வெறும் லாக் என்று இருந்தால்?

பள்ளிக் கணக்கில் 10 என்று கொள்வது வழக்கம். ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை அறிமுகப்படுத்தியபோது அது இப்போதுள்ள வடிவத்தில் இல்லை. 10-ஐ அடிமானமாக வைத்து அட்டவணை போட்டவர் ஹென்றி பிரிக்ஸ். அவருடைய பெரிய அட்டவணை 1624-இல் வந்தது. கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் நம் பெற்றோர் தலைமுறை பெருக்கல் வகுத்தலுக்கு மடக்கை அட்டவணையைப் புரட்டியது அந்த வழியில் வந்ததுதான். உயர்கணிதத்தில் வெறும் லாக் என்றால் அடிமானம் 2.718… என்ற எண்ணாக இருக்கலாம். நல்ல வேளையாக, இந்த வகைக் கணக்கில் பெரும்பாலும் அது தேவைப்படாது. குறி என்ன, எது பெரியது, எத்தனை மடங்கு என்று மட்டும் கேட்டால், 1-க்கு மேற்பட்ட எந்த அடிமானமும் ஒரே விடையைத்தான் தரும்.

அச்சிலேயே லாக் அளவு இருக்கும் வரைபடங்கள் வந்தால்?

2020-இல் கொரோனா எண்ணிக்கைப் படங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள்: செங்குத்து அச்சில் 10, 100, 1,000, 10,000 என்று சம இடைவெளியில் குறித்திருப்பார்கள். அங்கே ஒரே அளவு இடைவெளி என்றால் ஒரே அளவு மடங்கு. நேர்கோடாக ஏறினால், சமமான காலத்தில் சமமான மடங்கு பெருகுகிறது என்று அர்த்தம்.

நில நடுக்க அளவும் லாக் அளவுதான். ரிக்டர் அளவில் ஓர் அலகு கூடினால், ஒரே தொலைவில் பதிவாகும் அலைவீச்சு 10 மடங்கு. வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. இப்போது கேள்வி: முதல் நில நடுக்கத்தின் அலைவீச்சு இரண்டாவதைப் போல எத்தனை மடங்கு? கூற்று 1: முதலாவதன் ரிக்டர் அளவு இரண்டாவதை விட 2 அதிகம். கூற்று 2: முதலாவதன் அளவு 7. கூற்று 1 மட்டுமே போதும், 100 மடங்கு. இரண்டின் அளவும் தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை. லாக்கில் வித்தியாசம் தெரிந்தால் வெளியே விகிதம் தெரிந்துவிடும். விகிதம் கேட்கும் கேள்வியில் தனி மதிப்பைத் தேடி அலைவது நேரத்தை விழுங்கும்.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு கிடைக்குமா?

சரி, இதைப் போடுங்கள். பதிலைப் படிக்கும் முன் நீலத்திலும் சிவப்பிலும் வரைந்து பாருங்கள்.

ஒய் = லாக்[அ](எக்ஸ் + க), க > 0. இந்த வளைவு ஒய் அச்சை 0-க்கு மேலே வெட்டுகிறதா?
கூற்று 1: வளைவு எக்ஸ் அச்சைத் தொடக்கப் புள்ளிக்கு இடது பக்கம் வெட்டுகிறது.
கூற்று 2: வளைவு (1, 2) வழியாகப் போகிறது.

கூற்று 1: இடது பக்கம் வெட்டிவிட்டு ஏறினால் ஒய் அச்சுக்கு வரும்போது மேலே இருக்கும், இறங்கினால் கீழே இருக்கும். இரண்டு வளைவும் வரைய முடிகிறது, போதாது. கூற்று 2: அ² = 1 + க. வலது பக்கம் 1-ஐ விடப் பெரியது, அதனால் அவும் 1-ஐ விடப் பெரியது, வளைவு ஏறுகிறது. ஆனால் (1, 2)-க்கு ஏறி வரும் வழியில் அது எக்ஸ் அச்சை எங்கே கடந்தது? அ = 2, க = 3 என்றால் ஒய் அச்சில் லாக்[2] 3, அது 0-க்கு மேலே. அ = 1.2, க = 0.44 என்றால் லாக்[1.2] 0.44, அது 0-க்குக் கீழே. போதாது. இரண்டையும் சேர்த்தால், இடது பக்கத்திலேயே எக்ஸ் அச்சைக் கடந்து, ஏறிக்கொண்டே (1, 2)-க்குப் போகிற வளைவு. நடுவில் ஒய் அச்சைக் கடக்கும்போது அது 0-க்கு மேலேதான் இருக்க முடியும். சிவப்புப் பேனாவால் வேறொன்று வரைய வழியில்லை.